கொம்பின் மேல் ஒரு புறா

போன வெள்ளிக்கிழமை ராத்திரி பத்தே முக்காலுக்கு, மூன்றாவது தோசைக்காகத் தட்டோடு காத்திருந்தபோது, குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. என் அம்மாவைப் பெற்ற அம்மாயியின் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி ஃப்ளெக்ஸ். எட்டடி அகலம், பன்னிரண்டடி உயரம். கூடவே சின்ன மாமன் மகனின் குரல்: “டிசைன் ஓகேன்னா கட்டைவிரல் போடுங்க. காலைல எட்டு மணிக்குப் பிரிண்டுக்குப் போயிரும்.”

நான் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் முப்பத்தோரு கட்டைவிரல்கள் விழுந்துவிட்டன. அதில் ஒன்று என் மனைவியுடையது. அவள் என் எதிரில்தான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். படத்தைத் திறந்து பார்க்க முடியாதபடி கையெல்லாம் மாவு. கட்டைவிரல் போட மட்டும் ஒரு விரல் சுத்தமாக இருந்திருக்கிறது.

படத்தில் அம்மாயி நின்றிருந்தாள். பின்னால் பனிமலை. மலையிலிருந்து ஓர் அருவி. அருவி விழுகிற குளத்தில் இரண்டு அன்னப்பறவைகள். வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் சொச்சம் மழை பெய்தாலே மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிற காங்கேயம் பக்கத்துக் காட்டில் எண்பத்தாறு வருஷம் வாழ்ந்தவள் அவள். முதுகுக்குப் பின்னால் அப்படித் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டிருந்தால், “எவன்டா அவன், மோட்டாரை நிறுத்தாம வந்தது?” என்று கேட்டுவிட்டுத்தான் போட்டோவுக்கே நின்றிருப்பாள்.

அதுகூடப் போகட்டும். அம்மாயியின் வலது கையில் ஒரு ரோஜாப்பூ. பூவை யாரும் அப்படிப் பிடிக்க மாட்டார்கள். நரம்பு புடைக்க, முட்டியை இறுக்கி, யாரோ பிடுங்கிக்கொண்டு ஓடப் போகிற மாதிரி பிடித்திருந்தாள். இடது தோளுக்கு மேல் ஒரு வெள்ளைப் புறா. புறாவின் வாலுக்குப் பின்னாலிருந்து கறுப்பாக, கூராக, ஒரு விரல் நீளத்துக்கு என்னமோ நீட்டிக்கொண்டிருந்தது.

பெரிதாக்கிப் பார்த்தேன். கொம்பு.

அந்தப் படம் எனக்குத் தெரியும். 2011இல், கட்டுத்தறியில், நான்தான் எடுத்தேன். அம்மாயி வாழ்நாளில் முகம் சுளிக்காமல் நின்ற ஒரே படம். அவள் கையில் இருந்தது மூக்கணாங்கயிறு. கயிற்றின் மறுமுனையில் மயிலைப் பசு. பசு கேமராவைப் பார்த்தது. அம்மாயி பசுவைப் பார்த்தாள். டிசைன் பண்ணிய புண்ணியவான் பசுவைத் துடைத்து எடுத்துவிட்டு, கயிற்றுக்குப் பதில் ரோஜாவைச் செருகி, மிச்சமான கொம்பு நுனியை மறைக்கப் புறாவைப் பறக்கவிட்டிருக்கிறான். பசு இருந்த திசையில் இப்போது குளம். ஆக, அம்மாயி வாஞ்சையோடு பார்த்துக்கொண்டிருப்பது அன்னப்பறவையை. நாளைக்கு எத்தனை லிட்டர் கறக்கும் என்று கணக்குப் போடுகிற பார்வை.

அம்மாயி என்னிடம் கடைசியாகச் சொன்னது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் அந்த ஃப்ளெக்ஸ் வாசகத்தை ஒரு கை பார்த்துவிடுகிறேன். மனசில் வைத்துக்கொண்டிருந்தால் எனக்கு ரத்த அழுத்தம்.

உச்சியில் “குடும்பமே கோயிலென வாழ்ந்த குலவிளக்கே!” என்று மஞ்சளில் போட்டிருந்தது. எங்கள் குடும்பம் கோயிலாக இருந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் நடை திறப்பது எப்போதும் கட்டுத்தறியில்தான். விடிகாலை நாலு மணிக்கு அம்மாயி எழுந்தால் முதலில் மாட்டு மூஞ்சியில்தான் விழிப்பாள். சாணி வழித்து, தண்ணீர் காட்டி, தட்டு போட்டு, கன்றை ஊட்டவிட்டு, பால் கறந்து, பருத்திக்கொட்டை ஆட்டி வைத்து, இத்தனையும் முடிந்தபிறகுதான் வீட்டில் மனிதர்களும் இருக்கிறார்கள் என்பது அவள் நினைவுக்கு வரும். லீவுக்குப் போன பேரன் பேத்திகள் ஒன்பது பேர் ஆசாரத்தில் வரிசையாக உட்கார்ந்து, எங்கள் முறை எப்போது வரும் என்று கட்டுத்தறிப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்போம். எங்களுக்குத் தட்டு போட்டதும் அதே கையால்தான். இட்லியில் தவிட்டு வாசனை அடிக்கிறது என்று ஒரு தடவை சொன்னேன். “தவுடு உடம்புக்கு நெம்ப நல்லது கண்ணு” என்றாள்.

அடுத்தது “பொறுமையின் சிகரமே!” இதை எழுதியவன் அம்மாயியைப் பார்த்ததில்லை; அல்லது பொறுமையைப் பார்த்ததில்லை. வேலியில் ஒரு முழ இடைவெளி கண்டு பக்கத்துக் காட்டு வெள்ளாடு நுழைந்தால், ஆட்டுக்காரரின் மூன்று தலைமுறை வெளியே வரும். “அதிர்ந்து பேசாத அன்புத் தெய்வமே!” என்று இன்னொரு வரி. அவள் கட்டுத்தறியில் நின்று கூப்பிட்டால், முக்கால் கிலோமீட்டர் தள்ளி பஸ் நிறுத்தத்தில் நிற்கிற பெரிய மாமன் பீடியை அணைப்பார். “விருந்தோம்பலின் விளைநிலமே!” சரி, இது ஓரளவு உண்மை. ஒறம்பரை வந்தால் ஒப்புட்டு உண்டு, அரிசியும் பருப்பும் சோறு உண்டு, அதன் தலையில் கை தாராளமாக நெய்யும் உண்டு. ஆனால் பொழுதோட மாடு திரும்புகிற நேரத்துக்குள் ஒறம்பரையைத் தாட்டிவிட்டுவிடுவாள். “சித்தெ இருந்துட்டுப் போலாமுங்க” என்று வாய் சொல்லும். கால் படலைத் திறக்கப் போய்க்கொண்டிருக்கும்.

அப்புறம் “மலர்வு”, “உதிர்வு”. மனிதர்கள் பிறந்து செத்த காலம் போய், இப்போது எல்லோரும் மலர்ந்து உதிர்கிறார்கள். அம்மாயி மலர்ந்தது 01.01.1938 என்று போட்டிருந்தது. அது ஆதார் அட்டைக்காரர் மலர்த்திய தேதி. நிஜமாக அவள் பிறந்தது, அவள் வாயால் சொன்னபடி, “பெரிய காரி கன்னு போட்ட மறுவாரம்.” பெரிய காரி எப்போது கன்று போட்டது என்று தெரிந்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை, காரி உட்பட.

அம்மாயிக்கு நாட்காட்டி என்பது மாட்டு ஈத்துதான். ஆங்கில வருஷமும் தெரியாது, தமிழ் வருஷமும் வேண்டாம். என் அம்மாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது வாத்தியார் பிறந்த வருஷம் கேட்டாராம். “அவ சின்னச் செவலை ரெண்டாவது ஈத்துல பொறந்தவங்க” என்று அம்மாயி பணிவாகச் சொல்லியிருக்கிறாள். வாத்தியார் பேனாவை மூடி வைத்துவிட்டு என் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாராம். அந்தப் பார்வையை அம்மா எழுபது வயதிலும் மன்னிக்கவில்லை. பெரிய மாமன் பிறந்தது காரிக்குக் காம்பு வெடித்த வருஷம். சின்ன மாமன் பிறந்தது கிடாரி கிணற்றில் விழுந்த மாசம். என் பெற்றோர் கல்யாணம் நடந்தது மாட்டுக்குக் கோமாரி வந்த ஐப்பசி. கல்யாணத்தன்று அம்மாயி மூஞ்சி கொடுத்துப் பேசவில்லை என்று என் அப்பா வகையறாவில் இன்றைக்கும் சொல்வார்கள். மாப்பிள்ளை பிடிக்கவில்லையோ என்று நினைத்தார்களாம். மாப்பிள்ளையை யார் பார்த்தது? அவள் நினைப்பெல்லாம் வாயில் புண்ணோடு படுத்திருந்த மாட்டின் மேல்.

நாட்டு நடப்பும் அப்படித்தான். எம்.ஜி.ஆர். எப்போது இறந்தார் என்று கேட்டால், “செவலைக்குக் கன்னு குறுக்கால விழுந்தன்னிக்கு” என்பாள். 1987 டிசம்பர் 24. அன்றைக்கு பஸ் இல்லை, கடை இல்லை, மாட்டு டாக்டரைக் கூட்டி வர ஆள் போகவும் வழியில்லை. ஊரே ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருக்க, அம்மாயி முழங்கை வரை விளக்கெண்ணெய் பூசி, கையை உள்ளே விட்டு, கன்றைத் திருப்பி இழுத்துப்போட்டாள். கன்று தள்ளாடி எழுந்து நின்றதும் தொட்டி ஓரமாக உட்கார்ந்து அவளும் குலுங்கிக் குலுங்கி அழுதாள். எம்.ஜி.ஆருக்காக அழுதாளா, கன்றுக்காக அழுதாளா என்பதில் எங்கள் குடும்பம் இன்றுவரை இரண்டு கட்சியாகத்தான் இருக்கிறது.

ஃப்ளெக்ஸை விட்டு எங்கேயோ போய்விட்டேன். இதோ முடித்துவிடுகிறேன். கீழே “கண்ணீருடன்” என்று போட்டு நாற்பத்தேழு பெயர்கள். பெயருக்கொரு வட்டப் படம். அத்தனை பேரும் சிரிக்கிறார்கள். கண்ணீர் எங்கே என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். ஒருவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அதற்குள் இருந்தால் உண்டு. ஒரு பெண் கொடைக்கானலில் குதிரை மேல் உட்கார்ந்திருந்தாள். கவனியுங்கள், குதிரையை அறுத்து எடுக்கவில்லை! ஒருவன் காரில் சாய்ந்து நின்றான். காரையும் எடுக்கவில்லை. இன்னும் பிறக்காத கொள்ளுப்பேரனுக்குக்கூட, கடைசிப் பேத்தி நிறைமாசம் என்பதால், ஒரு காலி வட்டம் விட்டு வைத்திருந்தார்கள். குதிரைக்கு இடம் உண்டு, காருக்கு இடம் உண்டு, வரப்போகிற பிள்ளைக்கும் இடம் உண்டு. மயிலைக்கு மட்டும் இடமில்லை.

என் படமும் இருந்தது. ஓட்டுநர் உரிமத்தில் உள்ளது. நான் ஒருவன்தான் அழுகிற மாதிரி இருந்தேன்.

மாமன் மகனுக்குப் போன் போட்டேன்.

“ஏன் மாப்ள, மாட்டை எதுக்குடா எடுத்தீங்க?”

“நினைவஞ்சலில மாடு இருந்தா டீசன்டா இருக்காது மச்சா. அப்பத்தா தனியா நின்னாத்தான் கெத்து.”

இதைச் சொன்னவன் யார் தெரியுமா? அவன் காரின் பின் கண்ணாடி முழுக்கத் திமில் காளை ஸ்டிக்கர். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் வருகிற வண்டி தெரியாத அளவுக்குக் காளை. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் ராத்திரி பகலாக உட்கார்ந்தவர்களில் அவனும் ஒருவன். அதில் எனக்கு மரியாதை உண்டு. அங்கிருந்தே அம்மாயிக்குப் போன் பண்ணினான். “அப்பத்தா, உன்ற மாட்டுக்காகத்தான் இங்க உக்காந்திருக்கறோம்!” பின்னணியில் ஒரே கோஷம். அம்மாயிக்கு அப்போது எண்பது வயது நெருக்கம். அந்த வாரம் தட்டு போட ஆள் கிடைக்காமல் தனியாக அல்லாடிக்கொண்டிருந்தாள். “நெம்ப சந்தோசம் சாமி. அப்பிடியே ரெண்டு நாளைக்கு இங்க வந்து உக்காந்தீன்னா சாணியும் வழிச்சுப் போடலாம்” என்றாள். அவனுக்கு சிக்னல் விட்டுப்போய்விட்டது. இன்றுவரை அவன் சொல்வது அது.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நானும் யோக்கியன் கிடையாது. பால் கறக்கத் தெரியாது. ஒருமுறை முயற்சி பண்ணி, மயிலை விட்ட உதையில் சொம்பு ஒரு திசை, நான் ஒரு திசை. “வலிக்குதா?” என்று பதறிக்கொண்டு ஓடி வந்த அம்மாயி, என்னைத் தாண்டிப் போய் மாட்டின் காலைத் தடவிப் பார்த்தாள். இப்போது கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு, கண்ணாடி பாட்டிலில் வருகிற நாட்டு மாட்டுப் பாலை லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்குகிறேன். காங்கேயம் பசு நாளைக்கு ஒன்றரை லிட்டர், மிஞ்சினால் இரண்டு லிட்டர் கறக்கும். கன்று குடித்தது போக மிச்சம்தான் மனிதனுக்கு என்பது அம்மாயியின் சட்டம். மிச்சம் என்றால் சில நாள் காப்பிக்கே காணாது. நான் வாங்குகிற பாட்டில்காரரோ தெரு முழுக்க ஊற்றுகிறார். இதை அம்மாயியிடம் சொன்னதற்கு, “அவங்கூட்டுக் கன்னு எல்லாம் காப்பித்தண்ணி குடிக்குமாட்டிருக்குது” என்றாள்.

என் மகன் சின்ன வயதில் அவளுடைய கொறங்காட்டைப் பார்த்துவிட்டு, வீடியோ விளையாட்டில் பார்த்த ஞாபகத்தில் “அப்பா, இது ராஞ்ச்!” என்று கத்தினான். சிரித்தேன். யோசித்தால் தப்பில்லை. சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரம், மரத்தடியில் மேய்ந்து களைத்த மாடு. குதிரை இல்லை, தொப்பி இல்லை, துப்பாக்கி இல்லை. வெயிலுக்கு ஒரு முக்காடு, கையில் ஒரு பூவரசங்குச்சி, இடுப்பில் ஒரு சுருக்குப்பை. மழைக்கு முன்னால் கிளுவைப் போத்தை வெட்டி நட்டால் அதுவே துளிர்த்து வேலியாகிவிடும். கோடையில் புல் கருகினால் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆடுகளின் வயிற்றை நிரப்பும். ஒரு காட்டில் மேய்ந்து முடித்தால் படலைத் திறந்து அடுத்த காட்டுக்கு ஓட்டுவாள். பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார் காங்கேயம் மாட்டுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவர் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது, சரிதான். அவருடைய பண்ணையைப் பார்க்கப் பெரிய மனிதர்கள் வந்திருப்பார்கள். அம்மாயியின் பண்ணையைப் பார்க்க பால் வண்டிக்காரர் வந்தார். அவரும் கணக்குத் தகராறில் பாதியில் நின்றுவிட்டார்.

அந்தக் காட்டுக்குள் நுழைய ஒரே ஒரு கடவு. அதில் ஒரு முள் படல். எங்கள் உறவு மொத்தமும் அந்தப் படலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி, இரண்டு பக்கமும் கிளுவை அடைத்த இட்டேரியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து, படலை நகர்த்தி உள்ளே போனால், ஆறு மாசம் கழித்துப் பார்க்கிற பேரனிடம் அம்மாயி கேட்கிற முதல் கேள்வி, “படலச் சாத்துனயா?” வா கண்ணு, இளைச்சுப் போயிட்டயே, எல்லாம் அப்புறம். கல்யாணமாகி என் மனைவியை முதன்முதலாகக் கூட்டிப் போனேன். ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்ற அம்மாயி, பொண்ணைப் பார்க்கவில்லை; பொண்ணுக்குப் பின்னால் பார்த்தாள். “கடைசியா வந்தது ஆரு? படலச் சாத்துனயா?” கடைசியாக வந்தது புதுப்பெண். பட்டுப்புடவையோடு திரும்பிப் போய்ச் சாத்திவிட்டு வந்தாள். முள் கிழித்த இடம் அந்தப் புடவையில் இன்னும் இருக்கிறது. சண்டை வரும்போது பீரோவிலிருந்து எடுத்துக் காட்டுவாள்.

அம்மாயியின் புருஷன் அப்புச்சி இறந்த அன்றைக்கும் அதே படல்தான். பாடையைத் தூக்கி இட்டேரியில் இறக்கி நடக்கிறார்கள். பெண்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். அம்மாயி நெஞ்சில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு நொடி நிறுத்தி, ஈர முகத்தோடு கடவுப் பக்கம் எட்டிப் பார்த்து, சாதாரணக் குரலில், “பொறத்தாண்ட போறவங்க படலச் சாத்திட்டுப் போங்கொ” என்றாள். அப்புறம் விட்ட இடத்திலிருந்து ஒப்பாரியைப் பிடித்துக்கொண்டாள். அப்போது எனக்குப் பதினெட்டு வயது. சிரிப்பதா, அழுவதா என்று தெரியாமல் போய்ப் படலைச் சாத்தினேன். சாத்தாவிட்டால் கிடாரி வெளியே போயிருக்கும். அதுவும் உண்மைதான்.

மனிதர்களை எடைபோட அவளிடம் தனி அளவுகோல் கிடையாது. மாட்டுக்குப் பார்க்கிற சுழிதான் மனிதனுக்கும். கோபுரச்சுழி நல்லது, விலங்குச்சுழி ஆகாது, பூரான் சுழி ஏறினால் வாழ்வு, இறங்கினால் தாழ்வு, பெண்டிழந்தான் சுழி இருக்கிற மாட்டை வாங்கினவன் பெண்டாட்டியை இழப்பான். எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த ஒவ்வொருவரும் ஜாதகம் பொருந்தி, வேலை பொருந்தி, கடைசியில் அம்மாயியின் காலில் விழும்போது மாட்டிக்கொள்வார்கள். ஆசீர்வாதம் பண்ணுகிற சாக்கில் உச்சந்தலையில் கையை வைத்து மயிரைப் பிரித்துப் பார்த்துவிடுவாள். எனக்குத் தலையில் இரட்டைச் சுழி. “இது விலை போகாது, ஊட்லயே வெச்சுக்க” என்று என் அம்மாவிடம் சொன்னாளாம். எனக்கு முப்பத்து மூன்று வயது வரை பெண் அமையாததற்குச் சம்பளம் காரணம் என்று நான் நினைத்திருந்தேன்.

நிறத்துக்கும் மாட்டுக் கணக்குதான். என் மகள் பிறந்தபோது பார்க்க வந்தவர்கள் குழந்தை மாநிறம் என்று இழுத்தார்கள். காங்கேயம் கன்று பிறக்கும்போது செவப்பாக இருக்கும். ஆறு மாசத்தில் சாம்பல் ஏறி மயிலையாகிவிடும். “அட, ஆறு மாசம் பொறுங்கொ, நெறம் மாறும்” என்று அம்மாயி ஒரே போடாகப் போட்டாள். யாரும் அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. மாறவில்லை. அவளும் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சந்தைக் கதையையும் சொல்லிவிட்டுப் போகிறேன். சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் திருவிழாவையொட்டிப் பெரிய மாட்டுச் சந்தை கூடும். அங்கே விலை வாயால் பேசுவதில்லை. துண்டுக்கடியில் கையை விட்டு, விரலைப் பிடித்துத்தான் பேரம். தரகரின் துண்டுக்குள் பெண்பிள்ளை கைவிடுகிற வழக்கம் இல்லாததால், பெரிய மாமன்தான் கையை விடுவார். அம்மாயி பத்தடி தள்ளி மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை மெல்லுவாள். ஏற்பாடு என்னவென்றால், அவள் ஒருமுறை இருமினால் விலை பத்தாது, இரண்டு முறை இருமினால் முடித்துவிடு. எப்படியோ, துண்டுக்கடியில் என்ன விரல் மடங்குகிறது என்பதை மாமனின் புருவத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். பல வருஷம் பிசகில்லாமல் நடந்தது. ஒரு வருஷம் அம்மாயிக்கு நிஜமாகவே சளி. காளை ஜோடியை மாமன் விற்றார், திரும்பக் கேட்டார், மறுபடி விற்றார், மறுபடி கேட்டார். தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “மொதல்ல உங்கம்மாள டாக்டர்கிட்டக் காட்டிட்டு வாங்க கவுண்டரே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். காளைகள் வீட்டுக்கே திரும்பி வந்தன. அம்மாயிக்கு அதில் ஒன்றும் வருத்தம் இருந்த மாதிரித் தெரியவில்லை. சளி உண்மைதானா என்று எனக்கு இப்போதுகூடச் சந்தேகம்.

வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு வருகிறேன். குழுவில் நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். அம்மாயி யார், மயிலை யார், கொம்பை மறைக்கப் புறாவைப் போடுவது எவ்வளவு பெரிய பாவம் என்று பத்திப் பத்தியாக. மூன்று நிமிஷம் மௌனம். அப்புறம் ஒரு அத்தை நாளைய குட் மார்னிங் ரோஜாவை முன்கூட்டியே போட்டார். ஒரு சித்தப்பா முழங்கால் வலிக்கு முடவாட்டுக்கால் சூப் வீடியோ போட்டார். பெரிய மாமன் மட்டும், “விடு கண்ணு, பிரிண்டுக்கு நேரமாச்சு” என்று குரல் பதிவு போட்டார். பின்னால் மாடு கத்துகிற சத்தம் கேட்டது. பதினொன்று நாற்பதுக்கு நானும் கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் படுத்தேன். என் பங்கு எண்ணூற்றைம்பது ரூபாய் என்று காலையில் செய்தி வந்தது. அதை அனுப்பவில்லை. என் எதிர்ப்பு அந்த அளவில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நினைவு நாள். இட்டேரி முனையில் ஃப்ளெக்ஸ் நின்றது. பக்கத்துக் காடு இப்போது தேங்காய்க் களம். அங்கே பருப்பு காயப்போட வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டு, “இந்தம்மா ஆரு, வெளிநாடெல்லாம் போயிருக்குது?” என்று கேட்டார்கள். படையல் வைத்தோம், சாப்பிட்டோம், வட்டப் படத்தில் சிரித்தவர்கள் எல்லாம் ஃப்ளெக்ஸ் முன்னால் நின்று இன்னொரு படம் எடுத்துக்கொண்டார்கள். காரியம் முடிந்து, கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. திமில் காளை ஸ்டிக்கர் கார் ரிவர்ஸ் எடுக்கும்போது கிளுவை வேலியில் இடித்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. படலைச் சாத்தாமல் போனான். அதற்கும் சொல்லவில்லை.

மறுநாள் காலை நான் கிளம்பும்போது பெரிய மாமன் ஃப்ளெக்ஸை அவிழ்த்துக் கொண்டுவந்து, கட்டுத்தறிக்குப் பக்கத்தில் இருந்த சோளத்தட்டுப் போர் மேல் விரித்துக்கொண்டிருந்தார். வானம் மூட்டமாக இருந்தது. பனிமலையும் அருவியும் அன்னப்பறவையும் கவிழ்ந்து தட்டுக்குள் போயின. நாலு மூலையிலும் கல் கட்டி இழுத்துப் பார்த்தார். போர் பதினாறடி, ஃப்ளெக்ஸ் பன்னிரண்டடி. ஒரு கோடியில் நாலடித் தட்டு வெளியே தெரிந்தது. இடுப்பில் கைவைத்து நின்று அதையே பார்த்தார். மயிலையின் மகள், அந்தக் கட்டுத்தறியில் மிச்சமிருக்கிற ஒரே மாடு, கழுத்தை நீட்டி வெளியே தெரிந்த தட்டை உருவ ஆரம்பித்தது.

“உன்ற மாப்பிள்ளைகிட்டச் சொல்லு” என்றார் மாமன். “மாட்டையும் சேத்தி அகலவாக்குல அடிச்சிருந்தானா, போரு முச்சூடும் மூடியிருக்கும்.”

பஸ்ஸில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அதைக் குழுவில் போட்டேன்: அடுத்த வருஷ ஃப்ளெக்ஸ் அகலவாக்கில், பதினாறடி, மாட்டோடு. ஊதியூர் தாண்டுவதற்குள் முப்பத்தோரு கட்டைவிரல்கள் விழுந்துவிட்டன. ஒருவர்கூடப் படித்திருக்க மாட்டார்கள்.

அம்மாயி கடைசியாகச் சொன்னதைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? அதை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். இப்போது மாப்பிள்ளை கூப்பிடுகிறான். எண்ணூற்றைம்பது ரூபாய்க்காகத்தான் இருக்கும். நான் எடுக்கப் போவதில்லை.